உண்ண மறுக்கும் நாய்க்குட்டி

வீட்டிற்கு நாய்க்குட்டி ஒன்று வந்து சேர்ந்தால் பெரியோர் முதல் சிறுவர் வரை அனைவர்க்கும் மகிழ்ச்சியே. ஆனால் அம்மகிழ்ச்சி மூன்றாம் நாளே கவலையாக மாறிவிடுவதும் உண்டு. வைத்த சோற்றைக் குட்டி முகர்ந்து பார்க்கும், முகத்தைத் திருப்பிக்கொள்ளும். உடனே பாலைக் காய்ச்சுவர். பாலும் வேண்டாமெனில் ரொட்டி. ரொட்டியும் வேண்டாமெனில் பிஸ்கட்டு. ஒரு வாரத்தில் ஏழு உணவு கண்ட குட்டிக்கு வயிறும் கெட்டு, மனமும் கெட்டுவிடுகிறது. இத்திங்கள் இதனைக் குறித்துச் சிறிது சிந்திப்போம்.

ஊர்விட்டு ஊர் வந்த நமக்கு ஒன்று நன்கு தெரியும். தஞ்சையிலோ நெல்லையிலோ அரிசிச் சோறுண்டு வளர்ந்தவர், புனே வந்து சோள பாக்கரியை வயிறு ஏற்றுக்கொள்ளச் சில நாள் பிடித்ததன்றோ? இராசபாளையத்திலிருந்து இரயிலேறி வந்த குட்டிக்கும் அதே நிலைதான். தாயையும் உடன்பிறப்புகளையும் பிரிந்து வந்திருக்கிறது; இடம் புதிது, குரல்கள் புதியவை. அந்த வேளையில் உணவையும் மாற்றுவது தகாது. குட்டியை வாங்கும்போதே, அங்கு என்ன உணவு, எத்தனை வேளை, எவ்வளவு என்று கேட்டறிந்து, முதல் ஒன்றிரண்டு வாரங்களுக்கு அதனையே கொடுத்து வருதல் நலம்.

பின்னர் மாற்றுவதற்கும் ஒரு முறை உண்டு. முதல் இரண்டு நாள் பழைய உணவு முக்காற் பங்கும் புதியது காற் பங்குமாகக் கலந்து வைக்க வேண்டும். அடுத்த இரண்டு நாள் பாதிக்குப் பாதி. அதன்பின் இரண்டு நாள் புதியது முக்காற் பங்கு. ஏழாம் நாளில் முழுவதும் புதியதே. இடையில் மலம் இளகினால் முன்னேறாமல் அந்த அளவிலேயே நின்று, வயிறு சீரான பின் மேலே செல்லலாம். குடலில் வாழும் நுண்ணுயிர்கள் புதிய உணவுக்குப் பழகுவதற்கு அவகாசம் தேவை என்பதே இதன் காரணம்.

நிற்க. உண்ண மறுப்பதெல்லாம் பிடிவாதம் என்று எண்ணிவிடக் கூடாது. குட்டி துள்ளி விளையாடிக்கொண்டே ஒரு வேளை உணவை ஒதுக்கினால் அஞ்ச வேண்டியதில்லை. தடுப்பூசி போட்ட மறுநாளிலும், நான்கு முதல் ஆறு மாதங்களுக்குள் பால்பற்கள் விழுந்து புதுப்பற்கள் முளைக்கும்போதும் பசி குன்றும். அப்போது உணவை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துக் கொடுத்தால் ஏற்கும். ஆனால் குட்டி சோர்ந்து படுத்தாலும், வாந்தி எடுத்தாலும், மலத்தில் இரத்தம் கண்டாலும், இரண்டு வேளை தொடர்ந்து உண்ணாவிட்டாலும் காலந்தாழ்த்தலாகாது. 1978-ஆம் ஆண்டளவில் உலகெங்கும் பரவிய பார்வோ என்னும் குடல்நோய் இத்தகைய குறிகளுடனே தொடங்கும். சிகிச்சை கிட்டாத குட்டியைச் சில நாட்களிலேயே கொன்றுவிடும். ஔந்தில் அரசு கால்நடை மருத்துவமனை இருக்கிறது. நம் பகுதிகளில் தனியார் மருத்துவரும் உளர். கைவைத்தியம் செய்துகொண்டு ஓர் இரவைக் கழிப்பது குட்டியின் உயிரோடு விளையாடுவதாகும்.

நோயில்லை என்று தெரிந்த பின் வீட்டாரின் பழக்கத்தைச் சோதிக்க வேண்டும். பாட்டி கையால் ஊட்டுகிறார். பிள்ளைகள் மேசைக்கடியில் பிஸ்கட்டு நீட்டுகிறார்கள். இல்லத்தலைவர் தம் தட்டிலிருந்து அப்பளம் ஈகிறார். இதனால் குட்டி கற்றுக்கொள்வது ஒன்றே: வைத்ததை மறுத்தால் அதனினும் சுவையானது வரும்! இதற்கு மருந்து ஒழுங்கு. குறித்த நேரத்தில், குறித்த இடத்தில், ஒருவரே உணவு வைக்க வேண்டும். இருபது நிமிடம் கழித்து, உண்டாலும் உண்ணாவிட்டாலும் கிண்ணத்தை எடுத்துவிட வேண்டும். அடுத்த வேளை வரை வேறெதுவும் கூடாது. மூன்று நான்கு மாதம் வரை நாளொன்றுக்கு நான்கு வேளையும், ஆறு மாதம் வரை மூன்று வேளையும், பின் இரு வேளையும் போதும். மிகச் சிறிய இனக்குட்டிகளிடம் மட்டும் இக்கண்டிப்பு ஆகாது. வயிறு காய்ந்தால் இரத்தத்தில் சர்க்கரை குறைந்து அவை மயங்கி விழக்கூடும். சித்திரை, வைகாசி வெயிலில் விடியற்காலையிலும் மாலை குளிர்ந்த பின்னும் வைத்தால் விருப்பத்துடன் உண்ணும்.

எந்த உணவைத் தேர்வது? நம் இல்லங்களில் தயிர்ச்சோறே முதல் விடை. நாய் சோற்றைச் செரிக்காது என்பது பிழை. மாச்சத்தைச் செரிக்கும் மரபணு ஓநாயைக் காட்டிலும் நாயிடம் பன்மடங்காகப் பெருகியிருப்பதை 2013-இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர் கண்டனர். மனிதனோடு வாழ்ந்து மனிதனின் தானியத்துக்குப் பழகிய பிராணி அது. ஆயினும் சோறு வயிற்றை நிரப்புமேயன்றி எலும்பை வளர்க்காது. தாய்நாயின் பாலில் பசும்பாலைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு புரதமும் கொழுப்பும் உண்டு. பசும்பாலிலோ பாற்சர்க்கரை மிகுதியாதலால் பல குட்டிகளுக்குப் பேதியாகும். வெறும் எலும்பில்லா இறைச்சியும் குறையுடையதே. அதில் பாஸ்பரஸ் மிகுதி, சுண்ணச்சத்து மிகக் குறைவு. அதனை மட்டுமே உண்ட குட்டியின் எலும்பு மென்மையாகிக் கால்கள் வளைவதுண்டு. வெயிலில் விட்டால் சரியாகும் என்பாரும் உளர். நாய்க்கு வெயிலினின்று வைட்டமின் டி போதிய அளவு கிட்டாது, உணவிலிருந்தே வர வேண்டும்.

ஆதலின் புலால் புகாத இல்லத்தார் முன்னதாகவே ஒரு முடிவுக்கு வருதல் வேண்டும். நம் நோன்பு நமக்கு. குட்டியின் வளர்ச்சி அதற்கு. சமையலறையில் இறைச்சி ஏற இசையாதோர், குட்டிகளுக்கென்றே விற்கும் முழுமையான உலர் உணவை வாங்கலாம். பையின்மீது அது வளரும் குட்டிகளுக்கு உரியது என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்க்க. இராசபாளையம் போன்ற பேரினமாயின் பெரிய இனக் குட்டிகளுக்கு உரியதையே தேர்க. அவற்றுக்குச் சுண்ணச்சத்து மிகுந்தாலும் தீங்கு, ஆதலின் மருத்துவர் சொல்லாமல் தனியே மாத்திரை சேர்க்க வேண்டா. முற்றிலும் சைவமாகவோ, வீட்டில் சமைத்தோ வளர்க்க விரும்புவோர், அளவு கணக்கிட்டுத் தரவல்ல கால்நடை மருத்துவரைக் கலந்தே செய்க.

விலக்க வேண்டியவற்றையும் சொல்லிவிடுகிறேன். வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்த அணுக்களைச் சிதைப்பவை. ஆகவே சாம்பார்ச் சோறும் வெங்காயம் கலந்த குழம்பும் ஆகா. திராட்சையும் உலர்திராட்சையும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாயசத்தில் கிடக்கும் ஒன்றிரண்டையும் போடலாகாது. சாக்லேட் நஞ்சு. வெந்த எலும்பு உடைந்து குடலைக் குத்தும்.

வாரம் ஒரு முறை குட்டியை நிறுத்து, எடையைக் குறித்து வைக்க. எடை சீராக ஏறி, விலா எலும்புகள் கைக்குத் தட்டுப்பட்டும் கண்ணுக்குத் துருத்தாமலும் இருந்தால், அது எவ்வளவு குறைவாக உண்பதாகத் தோன்றினும் கவலை வேண்டா. கிண்ணத்தில் எஞ்சிய சோற்றைக் காட்டிலும் அந்தக் குறிப்பேடே உண்மை சொல்லும்.