வீடு யாருக்கு? ஊராருக்கா, சுற்றுலாக்காரருக்கா?

ஸ்பெயின் நாட்டின் கடற்கரை நகரம் பார்சிலோனா. அங்கே பல வீடுகளைக் குடும்பங்களுக்கு விடுவதில்லை. சுற்றுலாக்காரர்களுக்கு நாள் வாடகைக்கு விடுகிறார்கள். அதில்தான் காசு அதிகம்!

வீட்டு வாடகையோ 2024-க்கு முந்தைய 10 ஆண்டில் 68 சதவீதம் ஏறிவிட்டது. சம்பளக்காரர்கள் வீடு கிடைக்காமல் திண்டாடுகிறார்கள்.

2024 ஜூனில் மேயர் ஜவுமே கோல்போனி அதிரடியாக ஓர் அறிவிப்பு வெளியிட்டார். அத்தகைய 10,101 வீடுகளின் லைசென்சு 2028 நவம்பரோடு சரி. அதன்பின் புதுப்பிக்கமாட்டார்கள்!

பிழைப்பு போகிறதே என்று வீட்டுக்காரர்கள் கொதித்தார்கள். இதற்கு வழிசெய்த மாநிலச் சட்டத்தின் மீது வழக்கும் நடந்தது. சட்டம் செல்லும் என்று 2025 மார்ச்சில் அரசியல் சட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆனால், லைசென்சு போனால் மட்டும் போதாது. அந்த வீடுகள் பூட்டிக் கிடந்தால் யாருக்கு லாபம்? கட்டுப்படியாகும் வாடகைக்குக் குடும்பங்கள் குடியேறினால்தான் சட்டத்துக்கு வெற்றி!