வெறும் சாக்கின் எடையை யார் சுமப்பது?

கொழுந்தைச் சாக்கில் திணித்து அனுப்பக் கூடாது, காற்றோட்டமுள்ள பெட்டியில் ஏற்ற வேண்டும் என்று தேயிலைத் துறையில் பல வருடங்களாகச் சொல்லப்பட்டு வருகிறது. திரும்பத் திரும்பப் பாவிக்கலாம், வெறுமையானதும் மடித்து அடுக்கலாம், லொறியில் இடம் மிச்சம், குப்பை இல்லை, கொழுந்தும் கெடாது என்கிறார்கள். இதில் ஒன்றும் பொய்யில்லை. சாக்கில் இறுக்கி அடைத்த கொழுந்து நசுங்கும், சூடேறும், ஸ்டோருக்குப் போய்ச் சேரும் முன்பே சிவந்து போகும். நசுங்கிய கொழுந்தில் நல்ல தூள் வராது. பறித்தவளுக்கே தெரிந்த விசயம் இது. யாரும் வந்து நமக்குப் படிப்பிக்க வேண்டியதில்லை.

ஆகவே பெட்டி வேண்டுமா வேண்டாமா என்று நாம் சண்டை பிடிக்கவில்லை. நாம் கேட்பது வேறு. அந்தப் பெட்டியின் வெறும் எடையை யார் கணக்கில் எழுதப் போகிறார்கள்? உடைந்தால் யார் காசு கட்டுவது? வெறும் பெட்டியை மலைக்குத் திருப்பிச் சுமப்பது யார்? இந்த மூன்றுக்கும் பதில் வராமல் புதுப் பெட்டி வருமானால், பழைய சாக்குக்குக் கழித்ததைவிடக் கூடுதலாக நம்மிடம் கழிப்பார்கள். அதைத்தான் இப்போதே சொல்லி வைக்கிறோம்.

தேயிலையின் கதையில் பாதி, பெட்டியின் கதை. வெள்ளைக்காரன் காலத்தில் தூள் மரப்பெட்டியில் போனது. உள்ளே ஈயத் தகடு, பிறகு அலுமினியத் தாள். அந்தப் பெட்டி பெட்டியாக வரவில்லை. ஒட்டுப்பலகை, சட்டம், தகரப் பட்டை, ஆணி என்று தட்டையாகக் கட்டுக் கட்டாக வந்தது. ஸ்டோரில் நம் ஆட்கள் அதை அடித்துப் பெட்டியாக்கினார்கள். 1924இல் பதுளைக்கு ரயில் வந்த பிறகு ஊவாத் தூள் பெட்டி பெட்டியாகக் கொழும்புக்கு இறங்கியது. தட்டையாக வந்து பெட்டியாகப் போனது. ஆனால் திரும்பி வரவில்லை. இங்கிலாந்தில் வீடு மாறுகிறவர்கள் சாமான் கட்டும் பெட்டியாக அது வேலை செய்தது. நம் லயங்களில் ஓரிரண்டு தப்பி நின்று துணிப் பெட்டியானது, பிள்ளைக்கு மேசையானது.

ஒருமுறை போய்த் திரும்பாத பெட்டிக்கு எங்கிருந்து மரம் வந்தது? கிந்தோட்டையில் அரசாங்கத்தின் ஒட்டுப்பலகைத் தொழிற்சாலை தேயிலைப் பெட்டிக்குப் பலகை செய்தது. 1970களில் ஒட்டுப்பலகைக் கூட்டுத்தாபனத்துக்காகச் சிங்கராஜ வனத்திலேயே இயந்திரம் வைத்து மரம் வெட்டினார்கள். மக்கள் எதிர்த்து நின்றதால்தான் 1977 அளவில் அது நின்றது. 1988இல் அதே வனம் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்டது. ஒருமுறை பாவித்து எறியும் பொதிக்கு விலை இல்லை என்று நினைக்கிறவர்கள் அந்தக் காட்டை நினைக்கட்டும். விலை எப்போதும் உண்டு. பில்லில் மட்டும்தான் அது எழுதப்படுவதில்லை.

பிறகு மரப்பெட்டி போய்க் கடதாசிச் சாக்கு வந்தது. இன்று கொழும்பு ஏலத்துக்குப் போகும் தூள் பெரும்பாலும் பல மடிப்புக் கடதாசிச் சாக்கில்தான் போகிறது. பெட்டி அடித்த வேலை போனது. அதற்காக யாரும் நம்மிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆனால் பெட்டிக் காலத்திலிருந்து மாறாத ஒன்று உண்டு. தூள் ஸ்டோரை விட்டு வெளியேறும்போது மூன்று எடைகளைப் பார்ப்பார்கள்: மொத்த எடை, வெறும் பொதியின் எடை, உள்ளே இருக்கும் தூளின் நிகர எடை. வாங்குகிறவன் நிகர எடைக்குத்தான் காசு கொடுப்பான். வெறும் பொதியின் எடையைக் குத்துமதிப்பாகச் சொன்னால் ஒத்துக்கொள்வானா? ‘சாக்குக்கு ஒரு மூன்று கிலோ வைத்துக்கொள்ளுங்கள்’ என்று 1883இல் தொடங்கிய கொழும்பு ஏலத்தில் யாராவது சொல்லியிருப்பார்களா? கிராம் கணக்கில் நிறுப்பார்கள். ஏனென்றால் அங்கே இரண்டு பக்கமும் பணக்காரர்கள்.

அதே தேயிலை பச்சைக் கொழுந்தாக மடுவத்துக்கு வரும்போது என்ன நடக்கிறது? பையை மாட்டுகிறார்கள். முள் நிற்கும் முன்பே ஒரு எண் சொல்லப்படுகிறது. ‘சாக்குக்கு’ என்று ஒன்று, ‘தண்ணிக்கு’ என்று ஒன்று, ‘முத்தலுக்கு’ என்று இன்னொன்று. எல்லாமே முழுக் கிலோ. காய்ந்த பை ஒன்றை எடுத்துத் தனியாகத் தராசில் போட்டுப் பாருங்கள் தோழிகளே, அது ஒரு கிலோ வருகிறதா என்று. தூளுக்குக் கிராம், கொழுந்துக்குக் குத்துமதிப்பு. ஒரே தோட்டம், ஒரே நிர்வாகம், இரண்டு விதமான கணக்கு.

‘ஒரு கிலோவுக்குப் போய் இவ்வளவு சத்தமா?’ என்று கேட்பவர்களுக்குக் கணக்கையே போட்டுக் காட்டுவோம். ஒரு நாளைக்கு மூன்று தடவை நிறுவை. தடவைக்கு ஒரு கிலோ கழித்தால் மூன்று கிலோ. மாதம் 25 நாள் வேலை என்றால் 75 கிலோ. மேலதிகக் கிலோவுக்கு 50 ரூபாய் என்று வைத்தால் 3,750 ரூபாய். 2024 செப்டெம்பரில் நிர்ணயிக்கப்பட்ட நாட்சம்பளம் 1,350 ரூபாயாக இருந்தது. அந்தச் சம்பளப்படி ஒரு பெண் மாதத்தில் ஏறக்குறைய மூன்று நாள் வெறும் சாக்குக்காக வேலை செய்தாள். ஐம்பது பேர் உள்ள மலையில் இது மாதம் 1,87,500 ரூபாய். எங்கள் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை இந்தக் கணக்கைச் செய்துவிடும். அந்தப் பிள்ளையின் அம்மாவுக்குத்தான் மடுவத்தில் கணக்குக் கேட்க அனுமதி இல்லை.

இதைவிட மோசமானது நோம். நோம் 18 கிலோ என்று வையுங்கள். 20 கிலோ பறித்தவள் மூன்று கிலோ கழிவில் 17க்கு இறங்கிவிடுகிறாள். இரண்டு கிலோ மேலதிகமாக எழுத வேண்டிய இடத்தில் அரைப் பேர் விழுகிறது. வெறும் சாக்கு ஒரு நாளின் பாதியைத் தின்றுவிடுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது? 1941ஆம் ஆண்டின் 27ஆம் இலக்க சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டப்படி, அனுமதிக்கப்பட்ட கழிவுகளைத் தவிர வேறெதையும் சம்பளத்தில் கழிக்க முடியாது. அதனால்தான் சம்பளத்தில் கழிப்பதில்லை. சம்பளமாக மாறுவதற்கு முன்பே கிலோவில் கழித்துவிடுகிறார்கள். சீட்டில் ‘சாக்குக் கழிவு’ என்று ஒரு வரி இருக்காது. செக்ரோலில் ஏறாத கொழுந்துக்கு எந்தத் தொழில் அலுவலகத்தில் போய் முறையிடுவது? ஆனால் அந்தக் கொழுந்து ஸ்டோரில் வாடுகிறது, அரைபடுகிறது, தூளாகிறது, விலை போகிறது.

எங்களில் சிலர் சொல்கிறார்கள்: ‘மழைக் காலத்தில் கொழுந்தில் தண்ணீர் இருக்கத்தானே செய்யும்? அதையும் நிறுத்துக் காசு கொடு என்று கேட்பது நியாயமா?’ நியாயமான கேள்வி. நாம் தண்ணீருக்குக் காசு கேட்கவில்லை. மழை நாளில் எவ்வளவு, வெயில் நாளில் எவ்வளவு என்று எழுதி மடுவத்துச் சுவரில் ஒட்டுங்கள் என்கிறோம். வெயில் காயும் நாளிலும் ‘தண்ணி’ கழிப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. பசறை, மடுல்சீமை, லுணுகலைப் பக்கம் ஜூலை, ஆகஸ்ட் மாதத்துக் காய்ந்த காற்றில்தான் ஊவாத் தேயிலைக்குப் பேர் வாங்கித்தரும் வாசனை வருகிறது என்று உலகத்துக்கே சொல்லி விற்கிறார்கள். காற்று காய்ந்தது என்று விற்பவர்கள், அதே காற்றில் பறித்த கொழுந்து நனைந்தது என்று கழிக்கலாமா?

இப்போது பெட்டிக்கு வருவோம். பெட்டி சாக்கைவிடப் பாரமானது. மடியும் பெட்டிக்குக் கீல், கொளுக்கி எல்லாம் உண்டு. அதனால் இன்னும் பாரம். சாக்கின் கிராமைக் கிலோவாக்கியவர்கள் பெட்டியின் கிலோவை என்னவாக்குவார்கள்?

மரக்கறிக்காரர்களுக்கு நடந்ததைப் பாருங்கள். 2011 டிசம்பரில் மரக்கறியையும் பழங்களையும் பிளாஸ்டிக் பெட்டியில்தான் ஏற்ற வேண்டும் என்று அரசாங்கம் கட்டாயப்படுத்தியது. நோக்கம் பிழையில்லை. சாக்கில் போகும் தக்காளியும் லீக்ஸும் வழியிலேயே நசுங்கிக் குப்பைக்குப் போவதை வெலிமடையிலும் கெப்பட்டிப்பொலவிலும் யார் பார்க்கவில்லை? ஆனால் பெட்டியை வாங்குவது யார், லொறியில் குறைவாக ஏறினால் கூலி யார் தலையில், வெறும் பெட்டி தம்புள்ளையிலிருந்து எப்படித் திரும்பி வரும் என்ற கேள்விகளை விவசாயியிடமே விட்டுவிட்டார்கள். விவசாயிகளும் வியாபாரிகளும் தெருவுக்கு இறங்கினார்கள், அரசாங்கம் பின்வாங்கியது. நல்ல பெட்டி கெட்ட கணக்கால் தோற்றது. மறுபடியும் சாக்கு, மறுபடியும் அழுகல், மறுபடியும் நாட்டாமைமாரின் முதுகில் பெரிய மூட்டை.

வேறு நாடுகளில் இதை எப்படித் தீர்த்தார்கள்? இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்கப் படை அவுஸ்திரேலியாவில் விட்டுப் போன சரக்குத் தட்டுகளை வைத்து அங்கே ஒரு பொதுச் சேர்மம் தொடங்கினார்கள். தட்டு யாருக்கும் சொந்தமில்லை, சேர்மத்துக்குச் சொந்தம். பாவிக்கிறவன் வாடகை கட்டுவான், முடிந்ததும் திருப்புவான். 1992இல் ஜெர்மனியில் தொடங்கிய இஃப்கோ நிறுவனம் மடியும் மரக்கறிப் பெட்டியை இதே முறையில் சுற்றவிட்டது. கழுவுவதும் திருத்துவதும் திரும்பக் கொண்டுவருவதும் பெட்டிக்காரன் வேலை. தோட்டக்காரன் பெட்டி வாங்கவில்லை, பெட்டியின் எடைக்கு விளைச்சலை இழக்கவுமில்லை. இதெல்லாம் நமக்கு விளங்காத பெரிய விசயம் இல்லை. சோடாப் போத்தலைக் கடைக்குத் திருப்பிக் கொடுத்தால் காசு வரும்; போத்தலின் பாரத்துக்காகச் சோடாவைக் குறைத்து ஊற்றுவதில்லை.

ஆக, மடியும் பெட்டியை உருவாக்குவது என்பது கீலையும் பிளாஸ்டிக்கையும் பற்றிய வேலை மட்டுமில்லை. வெறும் பெட்டி யாருடையது, அதன் எடை எங்கே எழுதப்படுகிறது என்பதும் அந்த வேலையில் சேர்ந்ததுதான். அதை மேசையில் உட்கார்ந்திருப்பவர்களிடம் விட்டால் கைப்பிடிகூடச் சரியாக இருக்காது. சரிவில் நின்று தூக்குகிறவளின் கைக்கும் இடுப்புக்கும் ஏற்ற உயரம் எது என்று அவளிடம்தான் கேட்க வேண்டும். ஆண் தொழிலாளி தனியாகச் சுமக்கும் பாரம் 55 கிலோவைத் தாண்டக் கூடாது, பெண்களுக்கு அதைவிட மிகக் குறைவாக இருக்க வேண்டும் என்று சர்வதேசத் தொழில் அமைப்பு 1967இலேயே பரிந்துரைத்தது. பெட்டி வந்தால் அந்த எல்லை பெட்டியின் அளவிலேயே கட்டப்படட்டும். கொள்ளளவு சிறிதாக இருந்தால் யாரும் அதற்கு மேல் திணிக்க முடியாது. இதுவே சாக்கைவிடப் பெட்டி நமக்குத் தரக்கூடிய பெரிய நன்மை. அதனால்தான் பெட்டியே வேண்டாம் என்று சொல்லும் தோழர்களோடு நாம் உடன்படவில்லை. பெட்டியைத் தள்ளிவிட்டால் மிஞ்சுவது சாக்கும் அதன் கழிவும்தான்.

இன்னொரு ஆபத்தையும் சொல்ல வேண்டும். தேயிலை மலையைத் துண்டு துண்டாகத் தொழிலாளியிடம் பிரித்துக் கொடுத்து, கொழுந்தை மட்டும் கிலோவுக்கு வாங்கும் வெளியார் முறை பரவுகிறது. அந்த முறையில் சாக்கும் பெட்டியும் நம் செலவு என்று ஒரு வரியை ஒப்பந்தத்தில் மெதுவாகச் சேர்த்துவிடலாம். கையெழுத்துப் போடும் முன் அந்த வரியைத் தேடுங்கள். படிக்கத் தெரிந்த பிள்ளையைக் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

நாம் கேட்பவை இவை:

1. சாக்கோ பெட்டியோ, ஒவ்வொன்றின் வெறும் எடையும் கிராமில் அதன் மேலேயே எழுதப்பட வேண்டும். நனையக்கூடிய பை என்றால் அன்றன்றே நிறுக்க வேண்டும்.

2. டிஜிட்டல் தராசில் வெறும் பெட்டியை வைத்துப் பூச்சியமாக்கும் பொத்தான் இருக்கிறது. அதைப் பாவியுங்கள். திரை பறித்தவளின் பக்கம் திரும்பியிருக்கட்டும்.

3. 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் சட்டப்படி தராசு பரிசோதிக்கப்பட்டு முத்திரை இடப்பட வேண்டும். முத்திரை இல்லாத தராசில் நிறுக்க மாட்டோம்.

4. பெட்டி நிர்வாகத்தின் சொத்து. தேய்ந்தாலும் உடைந்தாலும் தொழிலாளியிடம் காசு பிடிக்கக் கூடாது.

5. கழுவுவது, மடிப்பது, மலைக்குத் திருப்பிச் சுமப்பது எல்லாம் வேலை நேரம். அதற்குப் பேர் போட வேண்டும்.

6. எந்தப் பெட்டியும் வருவதற்கு முன் தோட்டக் கமிட்டியின் பெண்கள் அதைத் தூக்கிப் பார்த்துச் சம்மதம் சொல்ல வேண்டும்.

இந்த மாதக் கூட்டத்துக்கு வரும் தலைவர்மாரும் மாதர் தலைவிமாரும் வெறும் கையோடு வர வேண்டாம். அவரவர் மலையில் ஒரு வாரம் ஒவ்வொரு நிறுவையிலும் என்ன கழித்தார்கள், எதற்கென்று சொன்னார்கள், அன்று மழையா வெயிலா என்று ஒரு கொப்பியில் எழுதி வாருங்கள். எழுதத் தெரியாதவர்களுக்குப் பிள்ளைகள் எழுதட்டும். பேச்சுவார்த்தை மேசையில் நமது குரலைவிட அந்தக் கொப்பிகள் சத்தமாகப் பேசும். தூளுக்கு மூன்று எடை பார்க்கத் தெரிந்தவர்களுக்குக் கொழுந்துக்கும் பார்க்கத் தெரியும். பார்க்க வைப்பது நம் கையில் இருக்கிறது.