மஞ்சள் கருவைத் தூக்கிப் போடலாமா? ஜிம் போறவங்க கவனிக்க வேண்டிய புரோட்டீன் கணக்கு

நாமக்கல் முட்டை விலையில் 5 காசு கூடினாலும் அது செய்திதான். ஆனால் முட்டைக்குப் பேர் போன இதே ஊர்ப் பக்கம்கூட, ஜிம்முக்குப் போற பசங்க பலர் வெள்ளைக்கருவை மட்டும் சாப்பிட்டுட்டு மஞ்சள் கருவை ஒதுக்கிடுறாங்க. பத்தாததுக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்து புரோட்டீன் பவுடர் வேற. இது சரியா?

முதலில் கணக்கு. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம். அதில் வெள்ளைக்கருவின் பங்கு மூன்றரை கிராம்தான், மீதி மஞ்சள் கருவில். வைட்டமின் ஏ, டி, கோலின் எல்லாமே மஞ்சள் கருவோடு போயிடும்.

எடை தூக்கும்போது தசை நார்களுக்கு அழுத்தம் ஏற்படுகிறது. அதற்குப் பிறகு, உணவில் கிடைக்கும் அமினோ அமிலங்களை வைத்து உடல் புதிய தசைப் புரதத்தைக் கட்டுகிறது. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகம் 2017-ல் 10 இளைஞர்களிடம் இதைச் சோதித்தது. புரத அளவு இரண்டிலும் ஒரே 18 கிராம்தான். ஆனாலும் முழு முட்டை சாப்பிட்டபோது இந்தக் கட்டும் வேலை சுமார் 40% அதிகமாக நடந்தது. சின்ன ஆய்வுதான், ஆனால் மஞ்சள் கரு வீண் இல்லை என்பது புரிகிறது.

பச்சை முட்டை குடிச்சா பலம்? அதுவும் நஷ்டம்தான். பெல்ஜியத்தில் 1998-ல் வெளியான ஆய்வில், வேகவைத்த முட்டையின் புரதம் 91% செரித்தது. பச்சை முட்டையில் 51% மட்டுமே. சால்மோனெல்லா கிருமி ஆபத்து தனி.

கொலஸ்ட்ரால் பயம்? உணவில் ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம் என்ற உச்சவரம்பை அமெரிக்க உணவு வழிகாட்டுதல்கள் 2015-லேயே கைவிட்டன. முட்டையை விட, அதைப் பொரிக்கும் எண்ணெயைத்தான் கவனிக்கணும். சர்க்கரை நோய், இதய நோய் இருப்பவர்கள் மட்டும் எண்ணிக்கையை டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

பவுடர் விஷயத்தில் ஐசிஎம்ஆர் 2024 மே மாதமே தெளிவாகச் சொல்லிவிட்டது: தசை வளர்க்க புரோட்டீன் பவுடரைத் தவிர்க்கணும். சாதாரண ஆளுக்கு ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம் புரதம் போதும். கடுமையா உடற்பயிற்சி செய்தாலும் 1.6 கிராமுக்கு மேல் போனால் தசைக்குக் கூடுதல் பலன் இல்லை.

60 கிலோ இளைஞருக்கு அந்த உச்சம் 96 கிராம். 3 முழு முட்டையில் 18, அரை லிட்டர் பாலில் 16, சமைத்த சிக்கன் 100 கிராமில் 25-க்கு மேல், ஒரு கைப்பிடி நிலக்கடலையில் 7 அல்லது 8. மீதியை சோறு, பருப்பு, சுண்டலே பார்த்துக்கும்.