பெட்டிக்கு முன்னால் பட்டியல்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையில் தாமிரபரணிக் கரை வெள்ளக்காடானது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. நம் பக்கமும் விடாத மழை. அருவியில் குளிக்கத் தடை, குற்றாலத்தில் ஐயப்பசாமிமார் கூட்டம் கலைந்துவிட்டது. காலியாகக் கிடந்த ஒரு விடுதிக் கூடத்தில்தான், தூத்துக்குடிக்கு அனுப்பச் சேர்ந்த மருந்துப் பெட்டிகளை நாங்கள் நாலு பேர் பிரித்தோம்.

முதல் பெட்டியில் வெட்டின ஸ்ட்ரிப்புகள். எக்ஸ்பயரி அச்சிட்ட பக்கமாகப் பார்த்து வெட்டியிருந்தது. அடுத்ததில் ‘விற்பனைக்கு அல்ல’ என்று போட்ட சாம்பிள் வைட்டமின். மூடி திறந்த இருமல் மருந்து வழிந்து, அடியில் கிடந்த பஞ்சுக்கட்டோடு ஒட்டிப்போயிருந்தது. எலிக்காய்ச்சலுக்கு முன்தடுப்பாகத் தருகிற டாக்சிசைக்ளின் தேடித் தேடி நாலு ஸ்ட்ரிப். இன்சுலின் ஒரு குப்பி, ஐஸ் இல்லாமல், துண்டில் சுற்றி. பொதுமக்கள் கொடுத்ததென்றால் இதை எழுதியிருக்க மாட்டேன். பாதிக்கு மேல் நம் க்ளினிக்குகளிலிருந்தும் மருந்துக்கடைகளிலிருந்தும் வந்தவை.

ஒரு நாடே மருந்துக்குத் தவித்தபோது நடந்ததை நினைத்துக்கொண்டேன். இலங்கை தனக்கு வேண்டிய மருந்தில் ஏறக்குறைய ஐந்தில் நாலு பங்கை வெளியிலிருந்து வாங்குகிற நாடு. டாலர் தீர்ந்ததும் மருந்தும் தீர்ந்தது; 2022 மார்ச் கடைசியில் பேராதனை போதனா மருத்துவமனை திட்டமிட்ட அறுவைச் சிகிச்சைகளை நிறுத்தியது. தசைத்தளர்விலிருந்து மீட்கும் நியோஸ்டிக்மின் ஊசி இல்லாவிட்டால் திறமையான சர்ஜனும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். ஏப்ரல் 29-இல் தமிழகச் சட்டப்பேரவை தீர்மானம் போட்டு அறிவித்தது 123 கோடி ரூபாய் உதவி. 40,000 டன் அரிசி, 500 டன் பால்பவுடர், கூடவே 28 கோடிக்கு 137 வகை மருந்துகள். அரிசியை எடை போட்டு அனுப்பலாம். மருந்துக்கு அந்த 137 என்ற எண்ணிக்கைதான் முக்கியம். எது வேண்டும் என்று வகை பிரித்த பிறகு வருகிற எண் அது.

பட்டியல் இல்லாமல் அனுப்பினால் என்ன ஆகும் என்பதை 2004 சுனாமிக்குப் பிறகு ஆச்சே மாகாணம் கண்டது. இருபது லட்சத்துக்கும் குறைவான மக்களுக்கு 4,000 டன்னுக்கு மேல் மருந்து வந்து குவிந்தது. அழிப்பதே தனி வேலையாயிற்று. உலக சுகாதார நிறுவனம் 1996-லேயே நன்கொடை மருந்துக்கு விதி வகுத்திருந்தது: கேட்டதை அனுப்பு, சாம்பிளும் நோயாளிகள் திருப்பிக் கொடுத்ததும் வேண்டாம், போய்ச் சேரும்போது குறைந்தது ஓராண்டு ஆயுள் இருக்கட்டும், உறையில் ஜெனரிக் பெயர் இருக்கட்டும்.

அந்த 2022 கோடையில், போகநல்லூர் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமிலிருந்து ஓர் அம்மா என்னிடம் வந்தார். மன்னாரில் இருக்கும் தங்கைக்கு வலிப்பு மாத்திரை கிடைக்கவில்லையாம். நான் பெயர் கேட்குமுன்னே போனை நீட்டினார். காலி ஸ்ட்ரிப்பின் பின்பக்கத்தைத் தங்கை படமெடுத்து அனுப்பியிருந்தார்: ஜெனரிக் பெயர், மில்லிகிராம், அதன் கீழே ‘ஒரு நாளைக்கு ரெண்டு, இன்னும் ஒம்பது நாளைக்கு இருக்கு அக்கா’ என்று ஒரு வரி. இதைவிடத் தெளிவான மருந்துக் கோரிக்கையை நான் பார்த்ததில்லை.

அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன், உங்கள் சங்கக் கிளையில் ஒருவர் பக்கத்து மாவட்ட அரசு மருத்துவமனைகளின் மருந்துக் கிடங்குப் பொறுப்பாளர் எண்களைக் கேட்டு வாங்கி வைக்கட்டும். வெள்ளம் வந்தால் முதல் போன் அந்தப் பொறுப்பாளருக்கு. டெம்போவுக்கு அடுத்த போன். கிடங்கில் இடமில்லை, இப்போது எதுவும் வேண்டாம் என்று அவர் சொன்னால், அன்றைக்குப் பெட்டி கட்ட வேண்டாம்.