வகுப்பறையில் பசுமை, வாக்கெடுப்பில் எதிர்ப்பு: ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் நாங்கள் கேட்பது

பள்ளிப் பிள்ளைகளுக்குச் சுற்றுச்சூழல் கல்வி வேண்டும் என்பதில் ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் பெரிய சண்டை இல்லை. வலதுசாரிகளும் இடதுசாரிகளும் அதை வரவேற்றுப் பேசுகிறார்கள். பிள்ளைகள் பாடத்தில் படிக்கும் ஆற்றையும் சதுப்பு நிலத்தையும் காப்பாற்றும் சட்டம் அவைக்கு வரும்போதுதான் பேச்சு மாறுகிறது. இந்த முரண்பாட்டைப் பற்றி, ஐரோப்பாவில் வாழும் பெற்றோரும் ஆசிரியர்களும் இயற்கை ஆர்வலர்களும் சேர்ந்த எங்கள் அமைப்பு தன் நிலைப்பாட்டை இங்கே பதிவு செய்கிறது.

ஓர் உறுப்பினரின் கல்விக் கொள்கையையும் சுற்றுச்சூழல் கொள்கையையும் தனித்தனியாக மதிப்பிடக் கூடாது என்பதே அந்த நிலைப்பாடு. சட்டத்தை எதிர்த்துவிட்டுப் பாடத்தை ஆதரிப்பவர், பெரியவர்கள் செய்ய வேண்டிய வேலையைப் பிள்ளைகள் தலையில் கட்டுகிறார். பாடத்தைக் கண்டுகொள்ளாமல் சட்டத்தை மட்டும் நிறைவேற்றுபவர், அதை நடத்திக்காட்ட ஆள் இல்லாமல் காகிதத்தோடு நிறுத்திவிடுகிறார். இரண்டையும் சேர்த்துச் செய்பவருக்கே எங்கள் ஆதரவு.

இரண்டு துறை, இரண்டு அதிகாரம்

ஐரோப்பிய ஒன்றியத்தின் செயல்பாட்டு ஒப்பந்தத்தில் 191, 192-ஆம் பிரிவுகள் சுற்றுச்சூழலுக்காகச் சட்டம் இயற்றும் அதிகாரத்தை ஒன்றியத்துக்குத் தருகின்றன. அந்தச் சட்டம் 27 நாடுகளையும் கட்டுப்படுத்தும். மீறும் நாட்டின் மீது லக்சம்பர்க்கில் உள்ள ஒன்றிய நீதிமன்றத்தில் வழக்குத் தொடரலாம். கல்வி அப்படியில்லை. பாடத்திட்டமும் பள்ளி நிர்வாகமும் அந்தந்த நாட்டின் பொறுப்பு என்று 165-ஆம் பிரிவு சொல்கிறது. ஒன்றியம் ஊக்குவிக்கலாம், பணம் தரலாம், பரிந்துரைக்கலாம், கட்டாயப்படுத்த முடியாது.

அதனால்தான் 2022 ஜூன் 16 அன்று ஒன்றியத்தின் அமைச்சர்கள் மன்றம் சுற்றுச்சூழல் கல்வி குறித்து வெளியிட்டது பரிந்துரையாகவே நின்றது. மழலைப் பருவம் முதல் எல்லா நிலையிலும் நீடித்த வளர்ச்சி பற்றிக் கற்பிக்க வேண்டும், ஆசிரியர்களுக்குப் பயிற்சி தர வேண்டும், கட்டடம், உணவகம், தோட்டம் உட்பட பள்ளி முழுவதும் அந்தக் கல்வியோடு ஒத்துப்போக வேண்டும் என்றெல்லாம் அது நல்ல வார்த்தைகளைச் சொல்கிறது. ஒரு நாடு அதை அலமாரியில் தூக்கிப் போட்டாலும் கேட்பாரில்லை.

நாடாளுமன்றத்துக்கு உள்ளேயும் இந்தப் பிரிவினை உண்டு. கல்வி, பண்பாட்டுக் குழுவுக்கு 2024-இல் தலைவரான ஜெர்மனியின் நேலா ரீல், ஹாம்பர்கில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். வகுப்பறையை அறிந்தவர்கள் அந்தக் குழுவில் இருக்கிறார்கள். ஆனால் இயற்கையைப் பற்றிய பெரிய மோதல்கள் நடப்பது சுற்றுச்சூழல், வேளாண்மை, மீன்வளக் குழுக்களில்.

மயிரிழையில் தப்பிய சட்டம்

அந்தப் பரிந்துரை வெளிவந்த ஆறாம் நாள், 2022 ஜூன் 22 அன்று, ஐரோப்பிய ஆணையம் இயற்கை மீட்புச் சட்டத்தை முன்வைத்தது. ஐரோப்பாவின் பாதுகாக்கப்பட்ட வாழிடங்களில் 80 சதவீதத்துக்கும் மேல் மோசமான நிலையில் இருப்பதாக ஒன்றியமே கணக்கெடுத்திருந்தது. 2030-க்குள் ஒன்றியத்தின் நிலப்பரப்பிலும் கடற்பரப்பிலும் குறைந்தது 20 சதவீதத்தில் மீட்புப் பணி நடக்க வேண்டும், 2050-க்குள் மீட்பு தேவைப்படும் எல்லா இடங்களையும் அது எட்ட வேண்டும் என்பது சட்டத்தின் இலக்கு. குறைந்தது 25,000 கிலோமீட்டர் ஆறுகளைத் தடுப்புகளின்றி ஓடவிடுவதும், 300 கோடி மரங்களை நடுவதும் அதில் அடக்கம்.

நாடாளுமன்றத்தில் இந்தச் சட்டத்தைத் தோளில் சுமந்தவர் ஸ்பெயினின் சோசலிச உறுப்பினர் செசார் லுவேனா. 2023 ஜூனில் சுற்றுச்சூழல் குழுவில் 44-க்கு 44 என்று வாக்குகள் சமமாகி, மசோதாவுக்குக் குழுவின் ஒப்புதல் கிடைக்கவில்லை. ஜூலை 12 அன்று ஸ்ட்ராஸ்பர்க் முழு அவையில் அதை அடியோடு நிராகரிக்கும் தீர்மானத்துக்கு ஆதரவாக 312 பேர், எதிராக 324 பேர். பெரிய கட்சிக் குழுவான ஐரோப்பிய மக்கள் கட்சி நிராகரிக்கச் சொன்னது. அதன் உறுப்பினர்களிலேயே சிலர் தலைமையை மீறியதால் சட்டம் பிழைத்தது. 2024 பிப்ரவரி 27 அன்று 329-க்கு 275 என்ற கணக்கில் இறுதி வடிவம் நிறைவேறியது. அதே ஆண்டு ஜூன் 17 அன்று அமைச்சர்கள் மன்றத்தில், தன் கூட்டணிக் கட்சியின் எதிர்ப்பையும் மீறி ஆஸ்திரியாவின் சுற்றுச்சூழல் அமைச்சர் லெயோனோரே கெவெஸ்லர் ஆதரித்து வாக்களித்ததால்தான் தேவையான பெரும்பான்மை கிடைத்தது. ஆகஸ்ட் 18 முதல் சட்டம் நடப்பில் உள்ளது.

எதிர்ப்புப் பிரச்சாரத்தின் தரத்தைக் காட்ட ஓர் உதாரணம் போதும். இந்தச் சட்டம் வந்தால், கிறிஸ்துமஸ் தாத்தாவின் ஊர் என்று புகழ்பெற்ற பின்லாந்தின் ரோவனியெமி நகரம் முழுவதும் காடாக மாற்றப்படும் என்று ஐரோப்பிய மக்கள் கட்சிக் குழு சமூக வலைத்தளத்தில் பதிவிட்டது. நகரங்களைப் பற்றிச் சட்டம் கேட்பது, இருக்கும் பசுமைப் பரப்பும் மர நிழலும் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், 2030-க்குப் பிறகு அது கூடிவர வேண்டும் என்பதைத்தான். வீட்டை இடித்துக் காடு வளர்க்கச் சொல்லும் வரி எதுவும் அதில் இல்லை. சட்ட வாசகத்தை எடுத்துப் படிக்கக் கற்றுக்கொடுத்த வகுப்பிலிருந்து வரும் பன்னிரண்டு வயதுப் பிள்ளை அந்தப் பதிவைப் பத்து நிமிடத்தில் சரிபார்த்துவிடும். சுற்றுச்சூழல் கல்வி என்று நாங்கள் கேட்பதில் முதலாவது இந்தத் திறமை.

இத்தாலி சொல்லும் கதை

பாடமும் சட்டமும் பிரிந்தால் என்ன ஆகும் என்பதற்கு இத்தாலியைப் பார்க்கலாம். அந்நாட்டின் 2019-ஆம் ஆண்டு 92-ஆம் எண் சட்டம், குடிமைக் கல்வியை ஆண்டுக்குக் குறைந்தது 33 மணி நேரம் கற்பிக்கச் சொல்கிறது. நீடித்த வளர்ச்சி அதில் ஒரு பகுதி. அப்போது கல்வி அமைச்சராகவும் கீழவை உறுப்பினராகவும் இருந்த லொரென்சோ ஃபியோரமொன்ட்டி, காலநிலை மாற்றம் எல்லாப் பள்ளிகளிலும் கட்டாயப் பாடமாகும் என்று அந்த நவம்பரில் அறிவித்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது.

அவர் பாடத்தோடு பணத்தையும் கேட்டவர். விமானப் பயணச்சீட்டு, பிளாஸ்டிக், சர்க்கரை பானங்கள் ஆகியவற்றின் மீது சிறு வரி போட்டு அதைக் கல்விக்குத் திருப்பலாம் என்றார். கல்விக்கும் ஆராய்ச்சிக்கும் 300 கோடி யூரோ ஒதுக்காவிட்டால் பதவி விலகுவதாகச் சொன்னார், ஒதுக்கவில்லை, 2019 டிசம்பரில் விலகினார். 33 மணி நேரமும் புதிதாகச் சேர்ந்த நேரமல்ல, இருக்கும் கால அட்டவணைக்குள் பிற பாட ஆசிரியர்கள் ஒதுக்கித்தர வேண்டிய நேரம். நான்கரை ஆண்டு கழித்து இயற்கை மீட்புச் சட்டம் அமைச்சர்கள் மன்றத்துக்கு வந்தபோது, எதிர்த்து வாக்களித்த ஆறு நாடுகளில் இத்தாலியும் ஒன்று. ஆட்சி மாறியிருந்தது என்பது உண்மைதான். ஆனாலும் காலநிலைப் பாடத்துக்காகப் பாராட்டப்பட்ட ஒரு நாட்டின் மாணவர்கள் அந்த வாக்கை எப்படிப் புரிந்துகொள்வார்கள் என்று கேட்கிறோம்.

பட்டாம்பூச்சியை யார் எண்ணுவது?

சட்டம் மட்டும் போதும் என்பவர்களுக்கும் எங்களிடம் ஒரு கேள்வி உண்டு. விளைநிலங்களில் இயற்கை மீள்கிறதா என்று அறியச் சட்டம் மூன்று அளவுகோல்களைத் தந்து, இரண்டையாவது முன்னேற்றிக் காட்டச் சொல்கிறது. அவற்றில் ஒன்று புல்வெளிப் பட்டாம்பூச்சிக் குறியீடு. அந்தக் குறியீடு 17 வகைப் பட்டாம்பூச்சிகளின் எண்ணிக்கையிலிருந்து உருவாகிறது.

எண்ணும் முறை எளிது. குறித்துவைத்த பாதையில் ஒருவர் மெதுவாக நடப்பார். இடப்பக்கமும் வலப்பக்கமும் இரண்டரை மீட்டர், முன்னால் ஐந்து மீட்டர், அந்த எல்லைக்குள் கண்ணில் படுவதை வகை பிரித்து எழுதிக்கொள்வார். வெயிலும் காற்றும் ஏற்றதாக உள்ள நாட்களில் பருவம் முழுவதும் இதே பாதையில் இதே நடை. பிரிட்டனில் 1976-இலும் நெதர்லாந்தில் 1990-இலும் இந்தக் கணக்கெடுப்பு முறையாகத் தொடங்கியது. இதைச் செய்பவர்களில் மிகப் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள்.

மகரந்தம் பரப்பும் பூச்சிகள் குறைந்துவருவதை 2030-க்குள் நிறுத்தித் திருப்ப வேண்டும் என்று சட்டம் கட்டளையிடுகிறது. பூச்சியைப் பார்த்துப் பெயர் சொல்லத் தெரிந்தவர்கள் அடுத்த தலைமுறையில் இல்லையென்றால் அந்தக் கட்டளை நிறைவேறியதா என்று சொல்லக்கூட ஆள் இருக்காது. ஆகவே பள்ளியின் பின்புறத்துப் புல்தரையில் ஒரு மணி நேரம் நடக்கவைக்கும் ஆசிரியர், இந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்துபவர்களில் ஒருவர். அவருக்கு அந்த நேரத்தையும் பயிற்சியையும் தருவது சுற்றுச்சூழல் செலவுக்கணக்கில் வர வேண்டும்.

விவசாயியின் நியாயம்

2024 தொடக்கத்தில் போராடிய விவசாயிகளின் டிராக்டர்கள் பிரசெல்ஸ் வரை வந்தன. பூச்சிக்கொல்லிப் பயன்பாட்டைப் பாதியாகக் குறைக்கும் மசோதாவை நாடாளுமன்றம் 2023 நவம்பரிலேயே நிராகரித்திருந்தது. போராட்டத்துக்குப் பிறகு ஆணையம் அதைத் திரும்பப் பெற்றது. விவசாயிகளின் கோபத்தில் நியாயம் இருந்தது: விளைபொருளுக்குக் கட்டுப்படியாகும் விலை இல்லை, காகித வேலை அதிகம், முடிவெடுத்தவர்கள் வயலுக்கு வந்து பேசவில்லை. அந்தக் கோபத்தைச் சட்டத்தின் மீது திருப்பிவிட்ட அரசியலைத்தான் நாங்கள் ஏற்கவில்லை.

வடிக்கப்பட்ட சதுப்பு நிலங்களையே எடுத்துக்கொள்வோம். நீருக்கடியில் காற்றில்லாமல் மட்காமல் கிடக்கும் தாவர எச்சம் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில் சேர்ந்து கரிம மண்ணாகிறது. வாய்க்கால் வெட்டி நீரை வடித்தால் காற்று புகுந்து அது மட்கத் தொடங்கி, கரியமில வாயுவாக வெளியேறுகிறது. ஜெர்மனியில் இத்தகைய நிலங்களில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வடிக்கப்பட்டவை. அந்நாட்டின் பசுங்குடில் வாயு வெளியேற்றத்தில் ஏறத்தாழ 7 சதவீதம் அங்கிருந்தே வருகிறது. வாய்க்காலை அடைத்தால் வெளியேற்றம் பெருமளவு குறையும். ஆனால் அந்த நிலத்தில் மாடு மேய்த்தவருக்குப் பிழைப்பு என்ன? நாணலும் சம்பும் வளர்த்துக் கூரைக்கும் சுவர்க்காப்புப் பலகைக்கும் விற்கும் வழி இருக்கிறது. அதற்குச் சந்தையும் உதவித்தொகையும் வேண்டும். விவசாயியின் நிலத்தில் மறுபடி நீர் நிறுத்துவது அவர் விருப்பப்படிதான் நடக்கும் என்று சட்டத்தின் இறுதி வடிவம் சொல்கிறது. இந்த இரண்டு பக்கமும் வேளாண் பள்ளிகளிலும் பொதுப் பள்ளிகளிலும் கற்பிக்கப்பட வேண்டும். விவசாயியை வில்லனாகக் காட்டும் பாடப்புத்தகத்தை நாங்கள் ஆதரிக்க மாட்டோம்.

மறுப்புகளுக்கு எங்கள் பதில்

பள்ளிக்குள் அரசியலைக் கொண்டுவருகிறீர்கள் என்பார்கள். மாணவர் எந்தக் கட்சியை ஆதரிக்க வேண்டும் என்று எந்த ஆசிரியரும் சொல்லக் கூடாது. ஆறு ஏன் அழுக்கானது, அதைச் சரிசெய்ய என்ன சட்டம் இருக்கிறது, யார் எதிர்த்தார், ஏன் எதிர்த்தார் என்று ஆதாரத்தோடு படிப்பது குடிமைக் கல்வி.

கல்வி நாடுகளின் உரிமை, பிரசெல்ஸ் தலையிடக் கூடாது என்பார்கள். ஒப்புக்கொள்கிறோம். 165-ஆம் பிரிவை மாற்றச் சொல்லவில்லை. பணமும் பயிற்சியும் பரிமாற்றமும் தர ஒன்றியத்துக்கு இப்போதே உரிமை இருக்கிறது. அதை முழுமையாகப் பயன்படுத்தச் சொல்கிறோம்.

எங்கள் கோரிக்கைகள்

1. இயற்கை மீட்புச் சட்டத்தின் இலக்குகளையும் ஆண்டுகளையும் எளிமைப்படுத்தல் என்ற பெயரில் மீண்டும் திறக்கும் எந்த முயற்சியையும் உறுப்பினர்கள் எதிர்க்க வேண்டும். காடழிப்பைத் தடுக்கும் ஒழுங்குவிதி அடுத்தடுத்துத் தள்ளிவைக்கப்பட்டதைப் போல இதுவும் ஆகக் கூடாது.

2. ஒவ்வொரு நாடும் தரவேண்டிய தேசிய மீட்புத் திட்டத்தில் கல்விக்கும் ஆசிரியர் பயிற்சிக்கும் தன்னார்வக் கணக்கெடுப்புக்கும் தனிப் பகுதியும் தனி நிதியும் இருக்க வேண்டும்.

3. கல்விப் பரிமாற்றத்துக்கான ஒன்றியத்தின் ஈராஸ்மஸ் பிளஸ் திட்டத்துக்கு 2021–27 காலத்தில் ஏறத்தாழ 2,620 கோடி யூரோ. 2028–34 காலத்துக்கு 4,080 கோடி யூரோ என்று ஆணையம் 2025 ஜூலையில் முன்மொழிந்தது. அந்த உயர்வை உறுப்பினர்கள் காக்க வேண்டும்; சுற்றுச்சூழல் கற்பிக்கும் பள்ளி ஆசிரியர்களின் பரிமாற்றத்துக்கு அதில் உறுதியான பங்கு வேண்டும்.

4. அதே 2028–34 நிதித்திட்ட முன்மொழிவு, சுற்றுச்சூழலுக்கென்றே இயங்கிவரும் லைஃப் நிதியத்தைத் தனித் திட்டமாக நீடிக்கவிடாமல் பெரிய நிதிகளுக்குள் கரைக்கிறது. இதை ஏற்க மாட்டோம். லைஃப் தனியாகத் தொடர வேண்டும்.

5. சுற்றுச்சூழல் குழுவும் கல்விக் குழுவும் ஆண்டுக்கு ஒருமுறையாவது கூட்டாக அமர்ந்து, 2022-ஆம் ஆண்டுப் பரிந்துரையை எந்த நாடு எவ்வளவு நிறைவேற்றியது என்று பகிரங்கமாக விசாரிக்க வேண்டும்.

வாக்காளருக்கு

தேசிய மீட்புத் திட்டங்களின் வரைவு 2026 செப்டம்பர் 1-க்குள் ஆணையத்திடம் போக வேண்டும் என்பது சட்டம் வைத்த கெடு. ஆணையம் கருத்துச் சொன்ன பிறகே இறுதித் திட்டம் உருவாகும். திட்டம் தயாரிக்கும்போது மக்கள் கருத்தைக் கேட்க வேண்டும் என்பதும் சட்டத்தில் உள்ள கடமை. ஒன்றிய நாடுகளில் குடியுரிமை பெற்று வாழும் தமிழ் வாசகர்களுக்கும் இந்த உரிமை உண்டு. ஐரோப்பியத் தேர்தலில் வாக்கும் உண்டு.

இயற்கை மீட்புச் சட்டம் போன்ற பெரிய வாக்கெடுப்புகளில் யார் எப்படி வாக்களித்தார் என்ற பட்டியல் நாடாளுமன்ற இணையதளத்தில் பெயரோடு வெளியாகிறது. உங்கள் தொகுதி உறுப்பினர் அடுத்த முறை பசுமைக் கல்வி பற்றிப் பேச வந்தால், அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டுப் போங்கள். கல்வி பற்றி அவர் சொல்வதைக் கேட்ட பின், சுற்றுச்சூழல் சட்டத்துக்கு அவர் போட்ட வாக்கைப் பற்றியும் கேளுங்கள். இரண்டும் பொருந்தவில்லை என்றால் காரணம் கேட்டு எழுதுங்கள், பதில் வரும்வரை எழுதுங்கள்.