கிளட்ச் போகல, காசுதான் போச்சு

பி.காம் படிக்கிறவன் கிளட்ச்சைப் பத்தி எழுத என்ன தகுதின்னு கேட்பீங்க. பில்லை முழுசாப் படிச்ச தகுதிதான் :-)

கார் என் நண்பனோட மாமாவோடது. ரெண்டே சீட்டு, துணிக்கூரை, பழைய ஸ்போர்ட்ஸ் கார். எந்தக் காருன்னு சொன்னா எங்க ஊர்ல ஓனர் யாருன்னு தெரிஞ்சிடும், அதனால பேர் வேண்டாம். விழுப்புரத்துல ஒருநாள் காலைல கியர் விழல. ரிவர்ஸ் போட்டா கரகரன்னு சத்தம். பெடல் பஞ்சு மாதிரி அமுங்குது.

பக்கத்துல ஒரு பட்டறைக்குக் கொண்டு போனோம். ரெண்டு தடவை மிதிச்சுப் பார்த்துட்டு, "கிளட்ச் போச்சு சார். ஸ்போர்ட்ஸ் கார்னா அப்படித்தான்" அப்படின்னாங்க. கியர்பாக்ஸை இறக்கி கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் எல்லாம் புதுசா மாத்தினாங்க. 22,000 ரூபாய். அதுக்கப்புறம் வண்டி அருமையா ஓடிச்சு. சரியா மூணு வாரம்.

மூணாவது வாரம் சென்னைக்குக் கிளம்பினோம். விக்கிரவாண்டி டோல்கேட் வரிசையில நிக்கும்போது மறுபடியும் அதே பஞ்சு, அதே கரகர. இஞ்சினை ஆஃப் பண்ணி, கியரைப் போட்டு, அப்படியே செல்ஃப் அடிச்சு வண்டியைக் கிளப்பினார் மாமா. திண்டிவனம் வரைக்கும் உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு வந்தோம். தயவுசெஞ்சு யாரும் இதை முயற்சி பண்ணாதீங்க.

திண்டிவனத்துல லாரி வேலை பாக்குற ஒரு பட்டறை கிடைச்சுது. அங்க இருந்த பெரியவர் ஸ்பேனரையே எடுக்கல. மூணு கேள்வி கேட்டார்.

"இஞ்சின் ஆஃப்ல இருந்தா கியர் விழுதா?" விழுது.

"மேடு ஏறும்போது இஞ்சின் மட்டும் கத்தி, வண்டி இழுக்காம இருந்துச்சா?" இல்ல.

"நாலஞ்சு தடவை வேகமா மிதிச்சா பெடல் கெட்டியாகுதா?" ஆகுது.

"அப்ப பிளேட்டுல எதுக்குக் கை வெச்சாங்க தம்பி?"

இதுல விஷயம் இதுதான். கிளட்ச்சுக்கு ரெண்டு நோய் உண்டு, ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு நேர் எதிர். பிளேட் தேஞ்சா அது சரியாப் பிடிக்காம வழுக்கும். ஆக்சிலரேட்டர் மிதிச்சா இஞ்சின் சுத்தும், வண்டி வேகம் எடுக்காது. எங்க வண்டியில பிளேட் பிடிச்ச பிடியை விடவே இல்ல. அதனாலதான் ஓடுற இஞ்சின்ல கியர் விழல. இந்த மாதிரி இருந்தா முதல்ல பார்க்க வேண்டியது ஆயில் லைனை.

பள்ளிக்கூட அறிவியல் கண்காட்சியில ரெண்டு சிரிஞ்சை ஒரு டியூப்ல இணைச்சுக் காட்டுவாங்களே, ஹைட்ராலிக் கிளட்ச் அதேதான். பெடல் பக்கம் இருக்கிறது மாஸ்டர் சிலிண்டர், கியர்பாக்ஸ் பக்கம் இருக்கிறது ஸ்லேவ் சிலிண்டர். நடுவுல பிரேக் ஆயில். ஆயில் சுருங்காது, அதனால இங்க மிதிச்சா அங்க தள்ளும். காத்து சுருங்கும். உள்ள காத்து புகுந்துட்டா நாம மிதிக்கிறது காத்தை அமுக்குறதுலயே செலவாயிடும், பிளேட்டை விடுவிக்கிற அளவுக்குத் தள்ளு கிடைக்காது.

பெரியவர் ஆயில் டப்பாவைத் திறந்தார். பாதிதான் இருந்துச்சு. "ஆயில் தானா தீராது தம்பி, எங்கியோ ஒழுகுது" அப்படின்னு சொல்லிட்டு, பெடலுக்கு மேல மாஸ்டர் பக்கம் விரலை விட்டுப் பார்த்தார். காய்ஞ்சு இருந்துச்சு. வண்டிக்கு அடியில போய் ஸ்லேவ் சிலிண்டரோட ரப்பர் உறையை விலக்கினார். கருப்பா ஆயில் சொட்டிச்சு. உள்ள இருந்த வாஷர் போயிருந்துச்சு. அவ்ளோதான்.

மூணு வாரம் மட்டும் எப்படி ஓடிச்சு? கியர்பாக்ஸ் இறக்கும்போது ஆயில் பைப்பைக் கழட்டியிருக்காங்க. திரும்ப மாட்டினதும் ஏர் எடுத்துத்தானே ஆகணும்? அந்த ஏர் எடுத்ததுலதான் பெடல் சரியாச்சு. பேர் வாங்கினது புது பிளேட்! பழைய பிளேட்டை மாமா டிக்கியில போட்டு வெச்சிருந்தார். ரிவெட்டுக்கு மேல லைனிங் தாராளமா இருந்துச்சு.

பெரியவர் சிலிண்டர் உள்பக்கம் துருவோ கீறலோ இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பார்த்தார். இருந்தா புது வாஷரும் நிக்காதாம். இல்லாததால அளவு பார்த்து வாஷர் மட்டும் மாத்தினார். அப்புறம் ஏர் எடுத்தார். நான்தான் பெடல் மிதிக்கிற ஆள், அதனால முறை நல்லா மனப்பாடம்.

டப்பா மூடியில போட்டிருக்கிற அதே வகை ஆயில், டாட் 3 இல்ல டாட் 4, சீல் உடைக்காத புது பாட்டில்ல இருந்து ஊத்தணும். திறந்து வெச்ச பாட்டில் காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்துக்கும். இஞ்சின் ஆயில் ஊத்தினா ரப்பர் எல்லாம் ஊதிப்போயிடும். ஸ்லேவ்ல இருக்கிற நிப்பிள்ல ஒரு கண்ணாடி டியூபை மாட்டி, மறுமுனையை ஆயில் இருக்கிற பாட்டில்ல முக்கி வைக்கணும். ஒருத்தர் பெடலை மிதிச்சுப் பிடிக்கணும். இன்னொருத்தர் நிப்பிளை அரைச் சுத்து தளர்த்தினா குமிழ் குமிழா காத்து வரும். நிப்பிளை மூடின பிறகுதான் பெடலை விடணும். முன்னாடியே விட்டா வெளிய போன காத்து திரும்ப உள்ள வந்துடும். குமிழ் நிக்கிற வரைக்கும் இதையே செய்யணும், நடுவுல டப்பா காலியாகவே கூடாது. ஆயில் பெயின்ட்ல பட்டா உடனே தண்ணி ஊத்திக் கழுவிடணும். வண்டிக்கு அடியில போறதா இருந்தா ஜாக்கியை மட்டும் நம்பாதீங்க, ஸ்டாண்ட் வைங்க.

மொத்தம் 650 ரூபாய். அதுல 300 "பார்த்ததுக்கு".

மாமா அந்த 300க்குப் பேரம் பேசினார்! இதை எழுதினதே அதுக்காகத்தான். விழுப்புரம் பட்டறையிலயும் முதல்லயே "பார்க்கிறதுக்கெல்லாம் காசு கிடையாது, சரி பண்ணினாத்தான்" அப்படின்னு சொன்னவர் இவர்தான். டாக்டர் பார்த்துச் சொன்னா ஃபீஸ் கொடுக்கிறோம். மெக்கானிக்கிட்ட "சும்மா பார்த்துச் சொல்லுங்கண்ணே"ங்கிறோம். அப்ப அவர் எதுல சம்பாதிப்பார்? பார்ட்ஸ்லயும் பெரிய வேலையிலயும்தான். யோசிக்கிற நேரத்துக்கு நாம விலையே வைக்கலன்னா, யோசிக்காம கழட்டுறதுதான் அவருக்கு லாபம். 300 மிச்சம் பண்ணி 22,000 செலவு பண்ணினோம்.

ஸ்போர்ட்ஸ் கார்ங்கிற சாக்கும் செல்லாது. 1961ல இருந்து வண்டலூர்ல தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டுலயே ஹைட்ராலிக் கிளட்ச்தான். 1962ல இங்கிலாந்துல வந்த டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் கார், அந்த ஹெரால்டோட சேஸிஸைக் குறுக்கிச் செஞ்சதுதான். இந்தக் கிளட்ச் நம்ம ஊருக்கு ஒண்ணும் புதுசு இல்ல.

ஒரு நியாயமும் சொல்லிடணும். சில கார்கள்ல ஸ்லேவ் கியர்பாக்ஸுக்கு உள்ளயே இருக்கும். அது ஒழுகினா கியர்பாக்ஸை இறக்கித்தான் ஆகணும், அப்போ தேஞ்ச பிளேட்டையும் சேர்த்து மாத்துறது புத்திசாலித்தனம். ஆனா அதையும் பார்த்துட்டுத்தானே முடிவு பண்ணணும்?

அதனால அடுத்த தடவை யாராவது "கிளட்ச் போச்சு"ன்னா, "வழுக்குதா, விடமாட்டேங்குதா?"ன்னு கேளுங்க. கழட்டின பழைய பார்ட்டைக் கேட்டு வாங்குங்க. பார்த்துச் சொன்னதுக்குத் தனியா காசு கொடுங்க.

டிஸ்கி: மாமா கடைசியில 300ஐக் கொடுத்துட்டார். 250 அவருது, 50 என்னுது. இன்னும் திருப்பித் தரல.