பழைய மானேஜர் வைத்துவிட்டுப் போன ஃபைல்

ஆபீஸுக்குப் புது மானேஜர் வருகிறார். மாலை, காபி, ஜாங்கிரி எல்லாம் ஆன பிறகு, ஹெட்கிளார்க் ஒரு ஃபைலை மெதுவாக அவர் பக்கம் நகர்த்துவார். "பழைய ஸார் இருக்கும்போதே எல்லாம் பேசி முடிச்சாச்சு ஸார். உங்க கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி!" புதியவருக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது. கேட்டால் கௌரவம் என்னாவது? போட்டுவிடுவார். அது என்ன ஃபைல் என்பது ஆடிட்டில்தான் தெரியவரும்.

புதிதாக ஜெயித்து வருகிற நாட்டுத் தலைவர்களுக்கும் இதே கதிதான். உள்ளூர் விவகாரம் என்றால் 'பரிசீலிக்கிறேன்' என்று நாலு மாதம் தள்ளலாம். வெளியுறவு அப்படிக் காத்திருக்காது. இதில் வசமாக மாட்டிக்கொண்டவர் ஜான் எஃப். கென்னடி.

1961 ஜனவரி 20 அன்று பதவியேற்றபோது அவருக்கு வயது 43. ஏறக்குறைய ஏழு கோடிப் பேர் ஓட்டுப் போட்ட தேர்தலில், நிக்ஸனை விட ஒரு லட்சத்துச் சொச்சம் ஓட்டுதான் அதிகம். மேஜையில் தயாராகக் காத்திருந்த ஃபைல், கியூபா! காஸ்ட்ரோவைக் கவிழ்க்க, நாட்டை விட்டு ஓடிவந்த கியூபாக்காரர்களுக்கு குவாதமாலாவில் சி.ஐ.ஏ. ரகசியப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தது. ஐஸன்ஹோவர் காலத்து ஏற்பாடு. இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பாவையே மீட்ட தளபதி ஆரம்பித்து வைத்த வேலை. அதே யுத்தத்தில் ஒரு சின்னப் படகை ஓட்டிய லெஃப்டினென்ட் அதை எப்படி ரத்து செய்வார்?

போதாக்குறைக்குத் தன் வாயே எதிரி. '90 மைலில் கம்யூனிஸ்ட் ஆட்சி வரும்வரை என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?' என்று தேர்தல் மேடையில் எதிர்க்கட்சியைப் பிடிபிடியென்று பிடித்தவர் இவர்தான். இப்போது பின்வாங்கினால்? சி.ஐ.ஏ. தலைவர் ஆலன் டல்லஸ் இன்னொரு கொக்கியும் போட்டார். திட்டத்தைக் கைவிட்டால், பயிற்சி பெற்ற ஆட்களை என்ன செய்வது? ஊரெல்லாம் போய்ச் சொல்லிவிட மாட்டார்களா? (வேலைக்கு ஆள் எடுத்தது போய், எடுத்த ஆளுக்காக வேலை!)

கென்னடி வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் முழு மனதாகச் சொல்லவில்லை. 'சத்தம் அதிகமாக இருக்கிறது, கொஞ்சம் குறையுங்கள்' என்றார். எனக்கு இந்த இடம்தான் உறுத்துகிறது. முதலில் முடிவு செய்திருந்த ஊர் டிரினிடாட். தோற்றால் பக்கத்து மலையில் ஏறித் தப்பிக்கலாம். சத்தம் குறைக்க வேண்டி, ஆளரவமற்ற பன்றி வளைகுடாவுக்கு மாற்றினார்கள். அங்கிருந்து அதே மலை ஏறக்குறைய 80 மைல். நடுவே சதுப்பு நிலம். தப்பிக்கும் வழி போய்விட்டதை ஜனாதிபதிக்கு யாரும் உறைக்கிற மாதிரி எடுத்துச் சொல்லவில்லை.

மீட்டிங் போட்டார். சுற்றி உட்கார்ந்தவர்கள் எல்லாம் ஹார்வர்டு மூளைகள், யுத்தம் பார்த்த ஜெனரல்கள். வாய் திறந்து 'தப்பு' என்றவர் செனட்டர் ஃபுல்பிரைட். உதவியாளர் ஷ்லெஸிங்கருக்கும் பிடிக்கவில்லைதான். மெமோ எழுதிக் கொடுத்தார். மீட்டிங்கில் வாயை மூடிக்கொண்டார். (நம்ம ஆள்!) 1,500 பேர் 25,000 பேருக்குச் சமமில்லை என்று கண்டுபிடிக்க ஆடிட் கம்பெனியைக் கூப்பிட வேண்டியதில்லை என்றார் பழைய வெளியுறவு மந்திரி டீன் அச்செஸன். அவர் இப்போது பதவியில் இல்லை. அதனால் சொல்ல முடிந்தது.

ஏப்ரல் 15. கியூபா விமானம் மாதிரி பெயின்ட் அடித்த அமெரிக்க பி-26 குண்டுவீச்சு விமானங்கள் காஸ்ட்ரோவின் விமான தளங்களைத் தாக்கின. ஒன்று மட்டும் மியாமியில் இறங்கி, 'கியூபா விமானப்படையிலிருந்து தப்பி வந்தேன்' என்று நாடகம் ஆடியது. கியூபா பி-26-க்கு மூக்கு கண்ணாடி மாதிரி இருக்கும். வந்ததற்கோ இரும்பு மூக்கு! நிருபர்கள் கண்ணில் பட்டுவிட்டது. விஷயம் தெரியாத ஸ்டீவன்ஸன், ஐ.நா. சபையில் அந்த விமானத்தின் போட்டோவைத் தூக்கிக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார், பாவம். மானம் போகிறதே என்று இரண்டாவது விமானத் தாக்குதலை கென்னடி நிறுத்தினார்.

17-ம் தேதி விடியுமுன் சுமார் 1,400 பேர் கரைக்கு வந்தார்கள். வேவு போட்டோவில் கருப்பாகத் தெரிந்ததைக் கடல்பாசி என்று நினைத்திருந்தார்கள். பவளப்பாறை! படகுகள் கிழிந்தன. மிச்சமிருந்த காஸ்ட்ரோவின் விமானங்கள் தளவாடக் கப்பலை மூழ்கடித்தன. மூன்றே நாள். நூற்றுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள், ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சிறைப்பட்டார்கள். அவர்களை மீட்க 1962 டிசம்பரில் 5 கோடியே 30 லட்சம் டாலர் பெறுமான உணவும் மருந்தும் கொடுக்க வேண்டியிருந்தது. செத்தவர்களுக்கு என்ன கொடுத்து என்ன?

ஒன்று சொல்லவேண்டும். கென்னடி பழைய ஜனாதிபதி மேல் பழி போடவில்லை. பொறுப்பு என்னுடையது என்றார். ஆச்சரியம், கேலப் கணிப்பில் அவருக்கு ஆதரவு 83 சதவிகிதம்! 'இன்னும் மோசமாகச் செய்தால் இன்னும் பிடிக்கும் போல' என்று அவரே நொந்துகொண்டார்.

மக்கள் மன்னித்தாலும் மாஸ்கோ மன்னிக்குமா? ஜூனில் வியன்னாவில் குருஷேவ் அவரைப் புரட்டி எடுத்தார். ஆகஸ்ட் 13-ல் பெர்லினைக் குறுக்கே அடைத்தார்கள். அடுத்த வருஷம் கியூபாவிலேயே சோவியத் அணு ஏவுகணைகள்.

இந்த முறை மேஜையில் வந்தது 'உடனே குண்டு போடுங்கள்' என்ற ஃபைல். கென்னடி கையெழுத்துப் போடவில்லை. ஜெனரல்களைக் குறுக்கு விசாரணை செய்தார். நாம் இருந்தால் இவர்கள் பேசமாட்டார்கள் என்று சில மீட்டிங்குகளுக்கு வேண்டுமென்றே போகவில்லை. கப்பல்களை மறித்துவிட்டு, துருக்கியில் இருந்த தன் ஏவுகணைகளை எடுத்துக்கொள்வதாக ரகசியமாகப் பேரம் பேசினார். பதின்மூன்றாவது நாள், அக்டோபர் 28-ல், குருஷேவ் இறங்கி வந்தார்.

அந்த மீட்டிங்குகளில் யார் என்ன சொன்னார்கள் என்பது இன்று நமக்கு வார்த்தைக்கு வார்த்தை தெரியும். 1962 கோடையிலேயே வெள்ளை மாளிகையில் ஒரு டேப் ரெக்கார்டரை ஒளித்து வைத்துவிட்டார் மனிதர். ஏன் என்று அவர் சொல்லவில்லை. 'நான் அப்பவே வேணாம்னு சொன்னேனே ஸார்' என்று, கியூபா கடற்கரையில் எல்லாம் முடிந்த பிறகு வந்து நின்றவர்களை அவர் எண்ணிப் பார்த்திருப்பார் என்பது என் ஊகம்.